கர்ண மோட்சம் துன்பியல் நாடகமா? மோட்சம் கிடைத்தவனைத் துன்பியல் நாயகன் என்று சொல்லலாமா?

கடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. ராத்திரி கர்ண மோட்சம் கூத்து. நான் மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியில் போனேன். கூடவே அக்கா மகனையும் இழுத்துக்கொண்டு போனேன். அவன் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. "மாமா, ராத்திரி முழுக்கவா?" என்று முனகிக்கொண்டேதான் வந்தான்.

விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். கர்ணன் கட்டியவர் திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கிரீடத்துக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கன்னத்து அரிதாரம் வேர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. பத்து நிமிஷம் கழித்து அதே மனிதர் மார்பில் அம்போடு களத்தில் சாய்ந்தபோது, எனக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த கிழவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இந்தக் கூத்தை வருஷா வருஷம் பார்க்கிறவள். அடுத்து என்ன நடக்கும் என்று கூத்தை நடத்திக்கொண்டு போகிற கட்டியங்காரனுக்கே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள்.

திரும்பும்போது ரெட்டிச்சாவடியில் டீக்கு நிறுத்தினோம். பையன் சொன்னான்: "நல்லா இருந்துச்சு மாமா. ஆனா இது டிராஜெடி இல்ல. கடைசியில கிருஷ்ணன் வந்து மோட்சம் கொடுத்துடறார். விழுந்தவனைத் தூக்கி விட்டாச்சு, அப்புறம் எப்படி டிராஜெடி? அதோட, எல்லாம் சாபத்தால நடக்குது. கர்ணன் செஞ்ச தப்புன்னு எதுவும் இல்ல."

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கிழவியின் அழுகை மட்டும் காதிலேயே நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாசகி

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவன் கையில் இருப்பது, துன்பியலுக்கு இலக்கணம் சொன்ன கிரேக்கர் அரிஸ்டாட்டிலின் நோட்ஸ் புத்தக வடிவம். நானும் இருபது வருஷம் அதைத்தான் வகுப்பில் நடத்தினேன், அந்தப் பாவத்தைக் கழுவ இங்கே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மோட்சம். முடிவு இருட்டாக இருந்தே ஆக வேண்டும் என்று கிரேக்கர்கள் நினைக்கவே இல்லை. கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் மூன்று நாடகங்களைத் தொடராக மேடையேற்றினார். தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸை ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றம் விடுதலை செய்வதில்தான் அந்தத் தொடர் முடிகிறது. அதுவும் துன்பியல்தான். சோஃபோக்ளிஸின் ஈடிபஸையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆரூடம் சொன்னபடியே, தெரியாமல் அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த அரசன். முதல் நாடகத்தில் கண்ணைக் குத்திக்கொண்டு நாட்டை விட்டுப் போகக் கெஞ்சுகிறவன், கவிஞர் முதுமையில் எழுதிய கொலோனஸ் நாடகத்தில் தெய்வங்கள் பேர்சொல்லி அழைக்க, புனிதனாக மறைகிறான். அதை மோட்சம் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? அப்புறம் இன்னொன்று: முதல் நாடகத்தின் முடிவில் ஈடிபஸ் சாகவே இல்லை. நாயகன் செத்தால்தான் துன்பியல் என்பதும் நாமாகச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது, "செய்த தப்பு". அரிஸ்டாட்டில் பயன்படுத்திய சொல் ஹமார்ட்டியா. அதன் வேரில் இருப்பது அம்பு குறி தவறுவது. நோட்ஸ் புத்தகங்களில் இதைக் "குணக்கேடு" என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் "ஆணவம்" என்றும் எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகளும் எந்த நாடகத்தைக் கொடுத்தாலும் நாயகனிடம் ஒரு கெட்ட குணத்தைத் தேடிப்பிடித்து, பத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர் சொன்னது வேறு. ரொம்ப நல்லவன் காரணமில்லாமல் அழிந்தால் நமக்கு அருவருப்புதான் வரும். படுபாவி அழிந்தால் "வேணும்" என்று தோன்றும், இரக்கம் வராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒருவன், பேர் பெற்றவன், கெட்ட எண்ணத்தால் அல்லாமல் ஒரு பிழையால் விழ வேண்டும். அப்போதுதான் இரக்கமும் அச்சமும் சேர்ந்து வரும். பிழை என்றால் கணக்குப் பிழை மாதிரி, ஆளைத் தவறாகப் புரிந்துகொண்ட பிழை.

ஈடிபஸ் என்ன கெட்டவனா? நாட்டில் கொள்ளைநோய், முந்தைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் நோய் தீரும் என்கிறார்கள். கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன் என்று கிளம்புகிறான். குருட்டு ஞானி சொல்லமாட்டேன் என்கிறார், மனைவி கேட்காதே என்று காலில் விழாத குறை. நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். அவனுடைய நல்ல குணம்தான் அவனைக் கொண்டுபோய்த் தள்ளுகிறது.

நெல்லிக்குப்பம் கரும்பு

டீச்சர், ஒரு சந்தேகம். கர்ணன் எங்கே குறி தவறினான்? கவச குண்டலத்தைக் கொடுத்தபோது கேட்கிறவன் இந்திரன் என்று தெரியும். குந்திக்கு வாக்குக் கொடுத்தபோது அம்மா என்று தெரியும். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விடமாட்டேன் என்று சொன்னபோது அதனால் என்ன ஆகும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தே செய்கிறான். உங்கள் கணக்கில் அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. பையன் சொல்வது சரிதானே?

என்னைக் கேட்டால் நம் ஊரில் துன்பியல் நாயகன் சிலப்பதிகாரத்துக் கோவலன்தான். கானல்வரியில் மாதவி பாடிய பாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுந்து போகிறானே, அதுதான் குறி தவறிய அம்பு. சும்மா விளையாட்டுக்குப் பாடிய பாட்டு! கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதியாகி நூறு வருஷம் தாண்டிவிட்டது, அவர் எழுதிய கோவலன் நாடகத்துக்கு எங்கள் தாத்தா காலத்தில் கூட்டம் அலைமோதுமாம்.

சில்வர் பீச்

சாபத்தால் நடந்தால் துன்பியல் இல்லை என்று பையன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 காலையில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் பேப்பர்கள் எல்லாம் அதை டிராஜெடி என்றுதான் எழுதின. ஆனால் எங்கள் தெருவில் போனவர்கள் யாரும் எதையும் செய்யவில்லை, கடல்தான் வந்தது. அதை நாடகமாக எழுத ஒருவர் வந்து எங்களிடம் கேட்டார். எழுதி முடிக்கவே அவரால் முடியவில்லை. அதில் அழுகை இருந்தது, நாடகம் இல்லை. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இழப்பைச் சின்னதாக்குவதற்காகச் சொல்லவில்லை.

ஏட்டுச்சுவடி

சில்வர் பீச் சொன்னதைத் தொல்காப்பியத்தை வைத்தே பேசலாம். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகை எதனால் வரும் என்பதற்கு "இளிவே இழவே அசைவே வறுமை" என்று நான்கு காரணம். இதில் இழவு என்பது உறவையும் பொருளையும் இழப்பது. கடற்கரையில் நடந்தது இழவு. அசைவு என்பது வேறு. இருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்குத் தாழ்ந்து வருந்துவது என்று உரையில் வருகிறது. உயரத்தில் இருந்தவன் சறுக்குவது. வாசகி அம்மா சொல்கிற கிரேக்க நாயகனின் அழுகை இந்த அசைவுதான். அதோடு பக்கத்திலேயே அச்சமும் இருக்கிறது. அங்கே இரக்கமும் அச்சமும், இங்கே அழுகையும் அச்சமும். யாரும் யாரைப் பார்த்தும் எழுதவில்லை, மனுஷ மனம் ஒன்றுதான் போலிருக்கிறது.

கரும்பு தம்பிக்கு: கோவலனை நான் ஒப்பமாட்டேன். அவன் செய்த பிழை மாதவியைப் பிரிந்தது, ஆனால் அவன் செத்தது பொற்கொல்லன் சூழ்ச்சியால். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவனுடைய சாவுக்குக் காரணம் போன பிறவி வினை என்று கட்டுரைக் காதையில் மதுரைத் தெய்வமே வந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. பிழையும் வீழ்ச்சியும் ஒரே கயிற்றில் இருக்க வேண்டும்.

அந்தக் கயிறு யாரிடம் இருக்கிறது? பாண்டியன் நெடுஞ்செழியனிடம். கூத்துப் பார்த்த அரசன் மீது கோபப்பட்டு, தேவி தலைவலி என்று சொல்லி அந்தப்புரத்துக்குப் போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்யப் போகிற வழியில் பொற்கொல்லன் குறுக்கே வருகிறான். நடந்துகொண்டே, மனசெல்லாம் வேறெங்கோ இருக்க, காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்கிறான். ஒரே ஒரு வாக்கியம். விசாரணை இல்லை. அவன் கொடுங்கோலன் அல்ல, அந்த நேரத்தில் ஒரு கணவன், அவ்வளவுதான். கெட்ட எண்ணம் இல்லாத பிழை என்றால் இதைவிட வேறென்ன?

அப்புறம் கண்ணகி வருகிறாள். "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று சொல்லி, கொண்டுவந்து வைக்கச் சொல்கிறான். அவள் உடைக்க, மாணிக்கம் தெறிக்கிறது, அதுவும் நேராக அவன் வாயருகே. அந்த நொடியில் அவன் என்ன சொல்கிறான்? வினை என்று சொல்லவில்லை, பொற்கொல்லன் ஏமாற்றினான் என்று பழி போடவில்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். "கெடுக என் ஆயுள்" என்று விழுகிறான்.

லாஸ்பேட்டை வாசகி

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு கைக்குட்டை, இங்கே ஒரு சிலம்பு. கையளவுப் பொருள், பொய்ச் சாட்சி. ஒதெல்லோ அந்தக் கைக்குட்டையை நம்பி மனைவியைக் கொன்ற பிறகு, அதே கைக்குட்டை எப்படிக் கை மாறியது என்று மனைவியின் பணிப்பெண் எமிலியா சொல்லும்போதுதான் உண்மை தெரிகிறது. பொய் சொன்ன பொருளே உண்மையும் சொல்கிறது. சிலம்பும் அப்படித்தான்.

அரிஸ்டாட்டில் இரண்டு விஷயத்தைத் தனியாக எடுத்துச் சொல்கிறார். ஒன்று, திருப்பம்: நன்மைக்கென்று செய்தது நேர்மாறாகத் திரும்புவது. ஈடிபஸிடம் கொரிந்திலிருந்து ஒரு தூதன் வருகிறான், உன் அப்பா இயற்கையாகச் செத்தார், நீ பயந்தது நடக்கவில்லை என்று நல்ல சேதி சொல்லத்தான். ஆறுதலாக இன்னொரு வார்த்தை கூடச் சொல்கிறான், அவர் உன் சொந்த அப்பாவே இல்லை என்று. அங்கேதான் எல்லாம் இடிகிறது. இன்னொன்று, அறிதல்: தெரியாமல் இருந்தது தெரிவது. இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் அதுதான் உச்சம் என்கிறார். மதுரை அரண்மனையில் அப்படித்தான் நடக்கிறது.

நெல்லிக்குப்பம் கரும்பு

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாண்டியன் எத்தனை வரி வருகிறான்? கதை புகாரில் தொடங்கி நடந்து நடந்து மதுரை வருகிறது. அதுவரை அவன் யார் என்றே நமக்குத் தெரியாது. கூடவே நடந்தவனுக்குத்தான் அழுவோம். பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பில் ஏறினவன் நாயகன் ஆக முடியுமா? அதோடு சிலப்பதிகாரம் மேடை நாடகமே இல்லை, காப்பியம்.

கோவலனுக்கும் அறிதல் இருக்கிறது. கொலைக்களக் காதையில் சிலம்பை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன், பெற்றோர் சொல் தவறினேன், உனக்கும் சிறுமை செய்தேன், எழுந்திரு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று கண்ணகியிடம் புலம்புகிறான். அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

லாஸ்பேட்டை வாசகி

கடைசி ஸ்டாப்பில் ஏறினவன்... நல்லா சொன்னீர்கள். ஆனால் இதே சண்டை ஆன்டிகனி நாடகத்திலும் உண்டு. நாடகத்தின் பேர் அந்தப் பெண்ணின் பேர். அண்ணனுடைய பிணத்தைப் புதைக்கக் கூடாது என்ற அரசாணையை மீறிச் சாகிறாள். ஆனால் பிழை செய்து, மகனையும் மனைவியையும் பறிகொடுத்து, கடைசியில் எல்லாம் என்னால் என்று உணர்கிறவன் அரசன் கிரியோன். நாயகன் யார் என்று இன்றைக்கும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் வேறு வந்து, இங்கே மோதுவது சரியும் தப்பும் அல்ல, சரியும் சரியும் என்றார். அதனால் கோவலன் கட்சிக்கும் இடம் உண்டு.

பின்பாட்டு

எல்லாரும் பெரிய பெரிய புத்தகமாகச் சொல்கிறீர்கள். நான் கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கர்ணன் வேஷம் கட்டினார். நான் பின்பாட்டும் தாளமும். இந்த இழையைப் பார்த்ததும் இரண்டு விஷயம் சொல்லணும் என்று தோன்றியது.

மோட்சம் என்ற பேர். எங்கள் வீட்டில் சொல்வது, திருவிழா நோட்டீஸில் கர்ணன் சாவு என்று யாராவது போடுவார்களா? உபயதாரர் பேர் பக்கத்திலேயே வரும். அதனால் மோட்சம். ஆனால் களத்தில் ஜனம் பார்ப்பது சாவைத்தான். தம்பி நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்.

அடுத்தது, ராத்திரி பாதி நேரம் ஓடுவது போர் இல்லை, பொன்னுருவி கட்டம். கர்ணனுடைய மனைவி. தேரோட்டி மகன் என்று இத்தனை வருஷம் அவனை அவமதித்தவள். அவன் போருக்குக் கிளம்பும் அன்றுதான் அவன் யார் என்று அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தபோது அவன் வாசல்படி தாண்டுகிறான். அந்த வாசகி அம்மா சொன்ன அறிதல் எங்கள் கூத்தில் பொன்னுருவிக்குத்தான் நடக்கிறது, கர்ணனுக்கு இல்லை. அவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். பெண் வேஷம் கட்டுகிறவர் அந்தக் கட்டத்தில் சரியாக நின்றால் போதும், அப்புறம் அப்பா அம்பு பட்டு விழுவதற்கு முன்பே ஜனம் அழுதுகொண்டிருக்கும்.

கரும்பு அண்ணன் கேட்டாரே, எங்கே குறி தவறினான் என்று. அதற்கு வில்லிபாரதத்துப் பாட்டே இருக்கிறது, நாங்களும் பாடுவோம். அம்பு தைத்துக் கிடக்கும்போது கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாக வாங்கிக்கொள்கிறார். அப்புறம் என்ன வரம் வேண்டும் என்கிறார். உயிரைக் கேட்கவில்லை, ராஜ்யத்தைக் கேட்கவில்லை. இன்னும் பிறவி உண்டென்றால் "இல்லை என்று இரப்போர்க்கு இல்லை என்று உரையா இதயம் நீ அளித்தருள்" என்கிறான்.

கடிலக்கரை

இதைப் படித்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கவச குண்டலம் போனது இல்லை என்று சொல்லத் தெரியாததால். நாகாஸ்திரம் போனது அதே காரணத்தால். புண்ணியமும் அதே காரணத்தால் போயிற்று. எந்தக் குணம் அவனைக் கொன்றதோ, அதையே ஏழேழு பிறவிக்கும் கொடு என்று வரம் கேட்கிறான்! மோட்சம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது என்று பையன் சொன்னான். அவன் துடைக்கக் கேட்கவே இல்லையே.

லாஸ்பேட்டை வாசகி

பின்பாட்டு தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் வகுப்பில் சொல்லத் தவறியது இதுதான். பிழையை நாயகனிடமிருந்து பிரித்து எடுத்துவிட முடியும் என்பது மாதிரியே பாடம் நடத்திவிட்டேன். ஹாம்லெட் சீக்கிரம் முடிவெடுத்திருந்தால், ஒதெல்லோ கொஞ்சம் சந்தேகப்பட்டு விசாரித்திருந்தால் என்றெல்லாம். அப்படிப் பிரித்தால் மிச்சம் இருப்பவன் வேறு ஆள். உண்மையைத் தேடாத ஈடிபஸ் ஈடிபஸே இல்லை. இல்லை என்று சொல்கிற கர்ணனும் அப்படித்தான்.

ஒரு நேர்மைக்காக இதையும் சொல்கிறேன். தெரியாமல் செய்துவிட்டுப் பிறகு அறிவது, தெரிந்தே செய்வது, செய்யப் போகும்போது அறிந்து நிறுத்துவது என்று அரிஸ்டாட்டில் வகை பிரிக்கிறார். தெரிந்தே செய்வதற்கு அவர் காட்டுவது பிள்ளைகளைக் கொல்லும் மெடியாவை, அந்த வகை அவருக்கு அவ்வளவு உவப்பில்லை. கர்ணன் அந்த வகையில் வருகிறான். ஆக, அவருடைய அளவுகோலில் அவனுக்கு முதல் இடம் கிடைக்காது. மக்பெத்துக்கும் கிடைக்காது, தூங்குகிற விருந்தாளி அரசனைக் கொன்றவன் ஆயிற்றே. ஆனாலும் அவனை விட்டு நாம் கண்ணை எடுப்பதில்லை. அளவுகோல்தான் கொஞ்சம் குட்டை.

இரண்டாமாண்டு

நான்தான் அந்த அக்கா மகன். மாமா லிங்க் அனுப்பினார். எல்லாருக்கும் வணக்கம்.

மோட்சம் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரெஸ்டிஸ் விடுதலை விஷயம் எங்கள் பாடத்தில் இல்லை. சாபம் பற்றி இன்னும் முழுசாக விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பரசுராமர் சாபம், பிராமணர் சாபம், தேர்ச்சக்கரம் புதைவது, சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போவது, இவ்வளவும் ஒருவன் மேல் விழுந்தால் அவன் செய்கிறதுக்கு இடம் எங்கே? ஈடிபஸுக்கும் ஆரூடம் உண்டு என்பீர்கள். ஆனால் ஆரூடம் ஒன்றுதானே, மேடையில் நாம் பார்ப்பதெல்லாம் அவன் விசாரிப்பதைத்தான்.

இன்னொன்று, அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1949-இல் சாதாரண மனிதனும் துன்பியல் நாயகன் ஆகலாம் என்று கட்டுரை எழுதினார். அப்படியென்றால் அரசனாக இருக்க வேண்டும் என்பதே போய்விடுகிறது. கர்ணன் இரண்டும். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், அங்க நாட்டு அரசனும் கூட. பரீட்சைக்கு இதைத்தான் எழுதப் போகிறேன்.

பின்பாட்டு அண்ணா, ஒரு கேள்வி. அந்த வரப் பாட்டைப் பாடும்போது உங்கள் அப்பா உண்மையாகவே அழுவாரா? கண்ணில் தண்ணீர் பார்த்த மாதிரி இருந்தது.

பின்பாட்டு

நீங்கள் பார்த்தது எங்கள் அப்பா இல்லை தம்பி, அவர் கட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அது வேறு ஜமா, வேறு கூத்துக் குழு. ஆனால் அப்பாவைக் கேட்டேன். அழமாட்டாராம். மல்லாக்கக் கிடந்து பாடும்போது கிரீடம் நழுவாமல் கழுத்தை இறுக்கிக்கொண்டு தாளம் எண்ணிக்கொண்டிருப்பாராம், ஒரு அட்சரம் தப்பினாலும் மிருதங்கக்காரர் முறைப்பார். கண்ணில் தண்ணீர் வருவது அரிதாரம் இறங்கி எரிவதால்.

ஆனால் ஒன்று சொன்னார். சாபத்தைப் பற்றிப் பாடும்போது ஜனம் தூங்கும், பீடி பற்றவைக்கும், டீக்கு எழுந்து போகும். குந்தி மடியேந்தும்போது ஒருத்தரும் அசையமாட்டார்கள். அவன் கொடுக்கப் போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் பெண்கள் பக்கமிருந்து "குடுக்காதடா" என்று ஒரு குரல் வரும். ஒவ்வொரு ஊரிலும் வருமாம்.

ஏட்டுச்சுவடி

தம்பியின் சாபக் கேள்விக்கு அந்தக் "குடுக்காதடா" போதும் என்று நினைக்கிறேன். மறுக்க வழியில்லாதவனைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள்.

கடிலக்கரை

அந்தக் கிழவியும் கத்தினாள். நான்தான் முதல் பதிவில் எழுத விட்டுவிட்டேன்.

அதே ஊரில் வரும் வெள்ளிக்கிழமை படுகளம். மண்ணில் பெரிசாகத் துரியோதனனைப் படுக்க வைத்து, தொடை பிளக்கிற நிகழ்ச்சி. பையன் இந்தத் தடவை தானாகவே வருகிறேன் என்கிறான். லாஸ்பேட்டையிலிருந்து யாராவது வந்தால் கன்னியகோயிலில் சேர்ந்துகொள்ளலாம். பாய் கொண்டு வாருங்கள், தரையெல்லாம் ஜல்லி.

நெல்லிக்குப்பம் கரும்பு

வருகிறேன். துரியோதனன் துன்பியல் நாயகனா என்று அங்கே யாரும் ஆரம்பிக்கக் கூடாது. அதற்குத் தனி இழை திறவுங்கள்.